முத்திரைக்கு ஆறு வினாக்கள்: கணினிப் பொருள்களின் சூழல் குறிகளை வாசித்தல்



மொழி மன்றத்தின் மேடையில் கணினியின் சூழல் முத்திரைகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. முத்திரை என்பது மிகச் சுருங்கிய ஓர் எழுத்துரை. அதைச் சொல்பவர் ஒருவர். அதை நம்பிப் பொருளை வாங்குபவர் மற்றொருவர். சொல்லப்பட்டது என்ன, சொல்லாமல் விடப்பட்டது என்ன, அதற்குச் சான்று யார் என்று ஆராய்வது மொழி பயின்றவரின் வேலை. பொறியாளர் கணினியைச் சோதிக்கட்டும். அதன் மேல் எழுதப்பட்டிருப்பதைச் சோதிக்கும் கடமை நமக்கு உண்டு.

மெர்சிங் இத்தலைப்புக்கு ஏற்ற ஊர். தியோமானுக்கும் ஜொகூரின் கிழக்குக்கரைத் தீவுகளுக்கும் படகுகள் புறப்படும் துறை இது. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் தென்சீனக் கடல் எவற்றையெல்லாம் கரையில் ஒதுக்கிச் செல்கிறது என்பதை இவ்வூரார் ஆண்டுதோறும் காண்கின்றனர். எறிந்த பொருள் மறைந்து போவதில்லை, வேறோர் இடத்தைச் சேர்கிறது என்னும் உண்மையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1. பொறி, முத்திரை, உரைகல்

பொருளின் மேல் அடையாளம் இடுவது நமக்குப் புதிய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கும் பண்டங்களின் மீதும் ஏறும் பண்டங்களின் மீதும் சுங்க அலுவலர் சோழரின் புலிச்சின்னத்தைப் பொறித்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. அச்சின்னம் வணிகன் தானே எழுதிக்கொண்ட புகழ்ச்சி அன்று. அரசு இட்ட அடையாளம். பண்டம் முறையாகக் கணக்கிடப்பட்டது என்பதற்கு மூன்றாமவர் தந்த சாட்சி அது.

இன்னொரு சான்று நமக்கு இன்னும் அருகில் கிடைத்துள்ளது. நம் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரமாக வடக்கே சென்றால் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பத் என்னும் பழைய துறைமுகப் பகுதி உள்ளது. அங்கே கிடைத்த ஒரு சிறு கல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என அறிஞர் கருதுகின்றனர். பத்தன் என்பது பொற்கொல்லரைக் குறிக்கும் சொல். இன்றும் பத்தர் என்கிறோம். கடல் கடந்து வந்த தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவர் பொன்னோடு உரைகல்லையும் கொண்டு வந்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

அந்தப் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் அழியவில்லை. 916 என்னும் எண் இருக்கிறதா என்று பார்க்காமல் நம் தாய்மார் நகை வாங்குவதில்லை. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். கடைக்காரரின் இனிய சொற்களை விட அந்தச் சிறிய எண்ணை அவர்கள் மதிக்கின்றனர். ஆனால் அதே குடும்பம் சில ஆயிரம் ரிங்கிட் கொடுத்து மடிக்கணினி வாங்கும்போது விலையையும் வேகத்தையும் நினைவகத்தையும் மட்டும் கேட்டு நின்றுவிடுகிறது. கணினியின் அடிப்பக்கத்தில் பத்துக்கும் மேற்பட்ட சிறு குறிகள் இருக்கின்றன. அவற்றை வாசிப்பார் இல்லை.

2. கணினிக்கு முத்திரை வந்த வரலாறு

அரசு சார்ந்த சூழல் முத்திரையை முதலில் ஏற்படுத்திய நாடு ஜெர்மனி. 1978இல் தொடங்கிய அதன் பெயர் 'நீலத் தேவதை'. இந்தியா 1991இல் 'ஈக்கோமார்க்' திட்டத்தைத் தொடங்கி மண்பானையைச் சின்னமாகக் கொண்டது. மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்பும் பானையை விடப் பொருத்தமான சின்னம் கிடைப்பது அரிது. அடுத்த ஆண்டில் நம் அண்டை நாடான சிங்கப்பூர் தன் பசுமை முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது.

கணினிக்கென்று எழுந்த முத்திரைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. இரண்டும் 1992ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு தொடங்கிய 'எனர்ஜி ஸ்டார்'. அலுவலகக் கணினிகள் யாரும் பயன்படுத்தாத வேளையிலும் முழு மின்சாரத்தையும் உண்டுகொண்டிருந்தன. வேலையற்ற நேரத்தில் கணினி தானே உறங்கும் நிலைக்குச் செல்ல வேண்டும் என்பதே அம்முத்திரை முதலில் வைத்த எளிய நிபந்தனை. 1993இல் அதிபர் கிளின்டன், நடுவண் அரசு அலுவலகங்கள் அம்முத்திரை பெற்ற கணினிகளையே வாங்க வேண்டும் என ஆணையிட்டார். அரசு என்னும் பெரிய வாடிக்கையாளரை இழக்க விரும்பாத உற்பத்தியாளர்கள் விரைந்து இணங்கினர். கட்டாயச் சட்டம் இன்றியே, வாங்குபவரின் நிபந்தனை ஒன்றினால் ஒரு தொழில்துறை மாறியது.

மற்றொன்று சுவீடனில் பிறந்த டி.சி.ஓ. முத்திரை. இதை ஏற்படுத்தியது அரசும் அன்று, வணிகமும் அன்று. அலுவலக ஊழியர்களின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. நாள் முழுதும் கணினித் திரையின் முன் அமர்ந்திருப்போர் தம் உடல்நலத்தின் பொருட்டுத் திரையிலிருந்து வெளிப்படும் மின்புல, காந்தப்புல அளவுகளுக்கு வரம்பு கேட்டனர். பின்னர் அதனுடன் நச்சுப் பொருள்கள், மறுசுழற்சி, தொழிற்சாலைகளில் வேலை செய்வோரின் நிலை ஆகியவையும் சேர்ந்தன. கருவியைப் பயன்படுத்துவோரே அதன் தரத்தை வரையறுக்க இயலும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

2006ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஈயம், பாதரசம், காட்மியம், அறுதிறன் குரோமியம், இருவகைப் புரோமின் தீத்தடுப்பிகள் ஆகியவற்றுக்கு மின்னணுப் பொருள்களில் வரம்பு விதித்தது. 'ரோஸ்' என வழங்கப்படும் இவ்விதியைப் பின்பற்றியதாகக் கூறும் குறியை இன்று பெரும்பாலான கருவிகளில் காணலாம்.

3. மூவகைக் கூற்று

பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. சூழல் குறிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில், தயாரிப்பாளரைச் சாராத அமைப்பு ஒன்று வரையறைகளை வகுத்து, பொருளை ஆராய்ந்து, உரிமம் தருகிறது. நீலத் தேவதை இவ்வகை. இரண்டாம் வகை தயாரிப்பாளர் தம் பொருளைப் பற்றித் தாமே சொல்வது. மூன்றாம் வகை, மூலப்பொருள் எடுப்பது முதல் கழிவாவது வரை பொருளால் ஏற்படும் தாக்கங்களை எண்களாகத் தரும் அறிக்கை. அது நல்லது, தீயது என்று தீர்ப்புச் சொல்வதில்லை.

தமிழில் இம்மூன்றையும் 'பசுமை முத்திரை' என்றே எழுதிவிடுகிறோம். இதனால் சாட்சியும் சுயபுகழும் ஒரே பெயரைப் பெறுகின்றன. முதல் வகையை மட்டும் 'சூழல் முத்திரை' எனவும், இரண்டாவதைச் 'சூழல் தற்கூற்று' எனவும், மூன்றாவதைச் 'சூழல் தரவறிக்கை' எனவும் வழங்கலாம் என்பது நம் பரிந்துரை. முத்திரை என்னும் சொல்லில் அதிகாரமும் பொறுப்பும் அடங்கியுள்ளன. சாட்சி இல்லாத கூற்றுக்கு அச்சொல்லைக் கொடுத்தல் ஆகாது.

சாட்சி தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு எனர்ஜி ஸ்டார் திட்டத்திலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2010இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இல்லாத நிறுவனங்களின் பெயரில் இல்லாத 20 பொருள்களுக்கு விண்ணப்பித்துப் பார்த்தது. அவற்றுள் 15 பொருள்களுக்கு முத்திரை கிடைத்துவிட்டது. பெட்ரோலால் இயங்கும் விழிப்புக் கடிகாரமும் அந்தப் பதினைந்தில் ஒன்று. உற்பத்தியாளரின் சொல்லையே பெரிதும் நம்பி முத்திரை வழங்கியதன் விளைவு அது. அதன் பின்னர், மூன்றாமவரின் சோதனையும் சான்றும் கட்டாயமாக்கப்பட்டன. முத்திரையின் வடிவம் மாறவில்லை. அதன் பின்னால் நின்ற சாட்சி மாறியது. நாம் காண வேண்டுவது அந்தச் சாட்சியைத்தான்.

4. நன்னூல் தரும் உரைகல்

கூற்றுகளை உரைத்துப் பார்க்கும் கருவி ஒன்று நம் இலக்கணத்திலேயே உள்ளது. தமிழாசிரியர் அனைவரும் கற்பித்த பாடந்தான். வினைச்சொல்லுக்கு நன்னூலார் ஆறு பொருள்களைக் கூறுகிறார். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்பன அவை. 'வனைந்தான்' என்னும் தெரிநிலை வினைமுற்றிலிருந்து குயவன், திரிகை, வனையும் இடம், வனைதல், இறந்தகாலம், குடம் ஆகிய ஆறும் விளங்குவதாக வகுப்பில் சொல்வோம். குறிப்பு வினையோ காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. செய்பவனை மட்டும் உணர்த்தி நிற்கும்.

'இக்கணினி பசுமையானது' என்னும் விளம்பரத் தொடரை நோக்குவோம். 'பசுமையானது' என்பது பண்பை மட்டும் ஏற்றிச் சொல்லும் சொல். யார் சோதித்தார், எக்கருவியால், எப்போது என எதையும் அது காட்டாது. அதனாலேயே அதைப் பொய் என்று மெய்ப்பிக்கவும் இயலாது. 'பசுமையானது', 'பூமிக்கு நண்பன்' போன்ற தெளிவற்ற கூற்றுகளைப் பயன்படுத்தலாகாது என்று ஐ.எஸ்.ஓ.வின் தற்கூற்றுத் தரம் விலக்கியிருப்பதும் இக்காரணம் பற்றியே. ஆகவே எந்தச் சூழல் குறியைக் கண்டாலும் அதைத் தெரிநிலை வினைமுற்றுத் தொடராக மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். ஆறும் நிரம்பினால் அது முத்திரை. நிரம்பாத இடம் எதுவோ, அங்கே நம் வினா எழ வேண்டும்.

செய்பவன்: சான்றளித்தவர் யார்? தயாரிப்பாளரா, அவரைச் சாராத அமைப்பா?

கருவி: எந்தத் தரத்தின்படி, எந்தச் சோதனையின்படி?

நிலம்: எந்த நாட்டுச் சந்தைக்கு உரிய குறி?

செயல்: ஆராயப்பட்டது எது? மின்செலவா, நச்சுப் பொருளா, பழுதுபார்க்கும் வசதியா?

காலம்: எந்த ஆண்டின் வரையறை? எதுவரை செல்லும்?

செய்பொருள்: முழுக் கணினிக்கா, அதன் ஓர் உறுப்புக்கா, கணினி வந்த அட்டைப்பெட்டிக்கா?

கடைசி வினாவைச் சிறிதென எண்ண வேண்டாம். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட மூன்று அம்புகளின் சுழற்சிக் குறி பல வேளைகளில் அந்த அட்டையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வாங்குபவர் கணினியையே அது குறிப்பதாக எண்ணிக்கொள்கிறார்.

5. தவறாக வாசிக்கப்படும் குறிகள்

மடிக்கணினியின் அடியில் வட்டமான அம்புகளின் நடுவே 10 அல்லது 20 என்னும் எண் காணப்படும். இதை மறுசுழற்சிக் குறி என்பார் உளர்; உத்தரவாத ஆண்டு என்பாரும் உளர். இரண்டும் பிழை. இது 2007 முதல் சீனச் சந்தைக்கு ஏற்பட்ட குறி. வரம்புக்கு மேற்பட்ட நச்சுப் பொருள் இக்கருவியில் உண்டு, முறையாகப் பயன்படுத்தினால் இத்தனை ஆண்டுகள் அது வெளியே கசியாது என்பது இதன் பொருள். எண்ணுக்குப் பதில் ஈ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அந்நச்சுகள் வரம்புக்குள் உள்ளன எனக் கொள்ள வேண்டும். பெருமையாகத் தோன்றும் எண் உண்மையில் ஓர் எச்சரிக்கை. 'நிலம்', 'செயல்' என்னும் இரு வினாக்களை எழுப்பியிருந்தால் இம்மயக்கம் வந்திராது.

குறுக்கே கோடிட்ட சக்கரக் குப்பைத்தொட்டி இன்னொரு குறி. வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. அத்தொட்டியின் கீழ்த் தடித்த கோடு ஒன்று இருக்கும். 2005 ஆகஸ்ட் 13க்குப் பிறகு ஐரோப்பியச் சந்தைக்கு வந்த பொருள் என்பதை அக்கோடு உணர்த்துகிறது. ஒரு கோடு காலம் காட்டும் இடைநிலை போல நிற்பது மொழி மாணவருக்குச் சுவையான செய்தி. ஆனால் இக்குறி பொருளைப் புகழவில்லை. வாங்கியவருக்கு ஒரு கடமையைச் சுமத்துகிறது. முன்னையது அறிக்கை, இது ஏவல்.

நட்சத்திரமும் மயக்கம் தரும். மலேசிய எரிசக்தி ஆணையத்தின் ஆற்றல் முத்திரையில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் உண்டு. கூடுதல் நட்சத்திரம் கூடுதல் சிக்கனம். கணினியில் காணும் எனர்ஜி ஸ்டாரில் ஒரே நட்சத்திரந்தான். அது ஐந்தில் ஒன்று என்னும் மதிப்பெண் அன்று. தேர்ச்சி பெற்றது என்னும் செய்தி. ஒரே வடிவம் ஓரிடத்தில் அளவையாகவும் மற்றோரிடத்தில் ஆம், இல்லை என்னும் விடையாகவும் நிற்கிறது.

முத்திரைகளுக்கும் சொற்களைப் போலவே தேய்மானம் உண்டு. ஐரோப்பிய ஆற்றல் முத்திரையில் ஏ என்பதே மிக உயர்ந்த தரமாக இருந்தது. பொருள்கள் மேம்பட மேம்பட ஏ-யின் பின்னே ஒரு கூட்டல் குறி, பிறகு இரண்டு, பிறகு மூன்று எனச் சேர்ந்தன. முடிவில் பெரும்பாலான பொருள்கள் ஏ வரிசையிலேயே குவிந்தன. வெறும் ஏ பெற்ற பொருள் உண்மையில் பின்தங்கியது என்பதை வாங்குபவர் உணரவில்லை. 'திரு' போதாமல் 'திருமிகு' என்றும், அதுவும் போதாமல் மேலும் அடைகள் சேர்த்தும் எழுதும் நம் அழைப்பிதழ்களின் கதையே இது. 2021 மார்ச் முதல் கூட்டல் குறிகளை நீக்கி, ஏ முதல் ஜி வரை புதிதாக வரிசைப்படுத்தினர். எனவே 'காலம்' என்னும் வினா இன்றியமையாதது.

6. தமிழ்ச் சொற்களின் பொறுப்பு

குறிகளைத் தமிழில் விளக்க முற்படும்போது நம் சொற்களும் சோதனைக்கு உள்ளாகின்றன. 'மறுசுழற்சிப் பொருள்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். மறுசுழற்சி செய்யத்தக்க பொருளா, மறுசுழற்சியால் கிடைத்த பொருளா? முன்னது எதிர்காலத்தில் நிகழக்கூடியது. பின்னது நிகழ்ந்து முடிந்தது. உலகில் 2022இல் உண்டான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. 'செய்யத்தக்கது' என்பதற்கும் 'செய்யப்பட்டது' என்பதற்கும் இடையே எத்தனை பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை இந்த எண் காட்டும். வேற்றுமைத் தொகையால் அப்பள்ளத்தை மூடிவிடக் கூடாது. இங்கே தொகையை விரித்து எழுதுவதே நேர்மை.

'ஈயமற்றது' என்பது மற்றொன்று. ரோஸ் விதி ஈயம் அறவே கூடாது என்று சொல்லவில்லை. ஒருபடித்தான ஒவ்வொரு பொருளிலும் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது; சில பயன்பாடுகளுக்கு விலக்கும் அளிக்கிறது. ஆகவே 'ஈயம் வரம்புக்கு உட்பட்டது' என்பதே சரியான மொழிபெயர்ப்பு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அத்தகைய பொருளைப் பற்றிப் பேசும்போது சொல்லழகுக்காக உண்மையைச் சுருக்கலாகாது.

'மின்கழிவு' என்னும் சுருக்கமும் எண்ணத் தக்கது. மின்சாரத்தை வீணாக்குவதையும் அது குறிக்கக்கூடும். கழிந்த மின்கருவிகளையும் குறிக்கக்கூடும். முன்னதை 'மின்விரயம்' என்றும் பின்னதை 'மின்னணுக் கழிவு' என்றும் பிரித்து வழங்குதல் நன்று. 'சூழ்' என்னும் வேரிலிருந்து 'சூழல்' பிறந்தது, 'சூழ்ச்சி'யும் பிறந்தது. திருக்குறளில் சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுதல். பிற்காலத்தில் அது வஞ்சகம் என்னும் பொருளுக்கு இறங்கியது. சூழலைக் காட்டிச் சூழ்ச்சி செய்வோர் பெருகியுள்ள இக்காலத்தில், அச்சொல்லின் பழைய பொருளை நம் மாணவர் மீட்டெடுக்க வேண்டும்.

7. நம் நாட்டின் நிலை

மலேசியா கணினிகளை வாங்கும் நாடு மட்டுமன்று. 1970களிலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழில் வளர்ந்துள்ளது. இப்போது நம் ஜொகூர் மாநிலத்தில் பெரிய தரவு மையங்கள் எழுகின்றன. ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் இயங்கி, சில ஆண்டுகளில் மாற்றப்படும் இடங்கள் அவை. செய்தல், பயன்படுத்துதல், கழித்தல் ஆகிய மூன்றும் நம் மண்ணில் நடைபெறுகின்றன.

2013இல் குறைந்தபட்ச ஆற்றல் திறன் விதி வந்தபோது குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டி, தொலைக்காட்சி, மின்விசிறி, விளக்கு ஆகிய ஐந்துக்கும் அது பொருந்தியது. கணினி அந்த ஐந்தில் இல்லை. பின்னர் 2024ஆம் ஆண்டின் ஆற்றல் திறன், பாதுகாப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பசுமைப் பொருள்களுக்கு 'மைஹிஜாவ்' குறியும் சிரிம் நிறுவனத்தின் சூழல் முத்திரையும் உள்ளன. முத்திரை என்றால் என்ன என்பதை நம் நாட்டு மக்கள் நன்கு அறிவர் என்பதற்கு ஹலால் சின்னமே சான்று. அதை யார் வழங்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்துள்ளது. கடைக்காரர் தாமே எழுதிக்கொள்ள முடியாது. அந்த விழிப்பு கணினிக்கும் வர வேண்டும்.

கழிவான பின்பும் கணினிக்கு ஒரு பெயர் உண்டு. 2005ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவு விதிகளின்படி மின்சார, மின்னணுக் கழிவு எஸ்.டபிள்யூ. 110 என்னும் குறியீட்டின்கீழ் வருகிறது. அப்பெயர் இருந்தால்தான் அதை யார் கையாளலாம், எங்கே அனுப்பலாம் என்னும் கட்டுப்பாடுகள் பொருந்தும். பெயரை மாற்றினால் சட்டம் கைநழுவிப் போகும். வெளிநாட்டு மின்னணுக் கழிவைப் பழைய உலோகம் என்றும் வேறு சரக்கு என்றும் பொய்யாக அறிவித்து அனுப்பிய கொள்கலன்களை நம் அதிகாரிகள் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தியிருக்கின்றனர். 2025 ஜனவரி 1 முதல் பாசல் உடன்படிக்கையின் திருத்தத்தின்படி, நச்சுடையதாயினும் இல்லாததாயினும், எந்த மின்னணுக் கழிவையும் பெறும் நாட்டின் முன்னிசைவு இன்றி அனுப்பலாகாது. ஆயினும் பெயரைத் திரித்து எழுதுபவருக்கு எதிராக நிற்க வேண்டியது பெயரைச் சரியாக வாசிக்கும் கண்ணே. ஒரு பொய்ச் சொல் நுழைந்த வழியில்தான் மின்கம்பிகளைத் திறந்த வெளியில் எரித்துச் செம்பெடுக்கும் புகை நம் குடியிருப்புகளுக்குள் வருகிறது. அங்கே மூச்சுவிடுபவர்கள் அந்தக் கணினியை ஒருநாளும் பயன்படுத்தாதவர்கள்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் கணினி பெற்றனர். ஏழை மாணவரின் கையில் கணினியைச் சேர்த்த பெரும்பணி அது. இத்தகைய பெருங்கொள்முதலே முத்திரைக்கு உண்மையான வலிமை தரக்கூடியது. கிளின்டன் ஆணை செய்ததை நினைவுகூர்க. எத்தனை ஆண்டு உழைக்கும், மின்கலத்தை மாற்ற இயலுமா, முடிவில் யார் திரும்பப் பெறுவர் என்னும் மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் சேர்த்தால் அவை இலட்சக்கணக்கான கருவிகளின் விதியை மாற்றும். பிரான்சு 2021இல் மடிக்கணினிகளுக்கும் திறன்பேசிகளுக்கும் பழுதுபார்க்க எத்தனை எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் எனக் காட்டச் செய்தது. நெடுநாள் உழைக்கும் கணினியே கழிவைக் குறைக்கும் கணினி.

8. வகுப்பறையில் செய்யத் தக்கவை

ஆசிரியர்களுக்கு மூன்று பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறோம். முதலாவது, பள்ளிக் கணினி அறையில் உள்ள பழைய கருவி ஒன்றை மின்னிணைப்பு நீக்கித் திருப்பி வைத்து, அதிலுள்ள குறிகளை மாணவர் ஓர் ஏட்டில் வரைந்துகொள்ளட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறு வினாக்களின் விடையைத் தேடி எழுதட்டும். விடை கிடைக்காத கட்டத்தை வெறுமையாகவே விடட்டும். அந்த வெறுமையும் ஒரு பாடம்.

இரண்டாவது, மின்கருவி விளம்பரங்களில் வரும் குறிப்பு வினைமுற்றுகளைத் திரட்டி, அவற்றைத் தெரிநிலை வினைமுற்றுத் தொடர்களாக மாற்றச் சொல்லலாம். 'பசுமையானது' என்பது, 'இன்ன அமைப்பு இன்ன தரத்தின்படி இன்ன ஆண்டில் இக்கருவியின் மின்செலவை ஆராய்ந்தது' என்று விரியுமா எனப் பார்க்கட்டும். விரிந்தால் அதை நம்பலாம். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணமும் இதனால் நீங்கும்.

மூன்றாவது பெரியவர்களுக்கு உரியது. பள்ளிக்குக் கணினி வாங்கும்போது பெற்றோர் ஆசிரியர் சங்கம் விலைப்புள்ளி கேட்கிறது. அக்கடிதத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கலாம். எந்தச் சார்பற்ற அமைப்பின் சூழல் முத்திரை இக்கருவிக்கு உண்டு? பயன்பாடு முடிந்தபின் யார் பெற்றுக்கொள்வர்? விற்பவரிடம் உடனே விடை இல்லாமல் போகலாம். அடுத்த பள்ளியும் அதையே கேட்டால் அவர் விடையைத் தேடத் தொடங்குவார். சுவீடன் நாட்டு ஊழியர்கள் தொடங்கியதும் இப்படித்தான்.

மொழி மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். முத்திரை, தற்கூற்று, தரவறிக்கை ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டும் சிறு சொல்லடைவு ஒன்றை, மலாய்ச் சொற்களுடன் இணைத்து, பள்ளிகளுக்கு வெளியிட வேண்டுகிறோம். நம் நாட்டு முத்திரைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைந்துள்ளன. நம் மாணவர் அவற்றை வாசிக்க வல்லவர். எழுத்தை வாசிப்பது வேறு, கூற்றை ஆராய்வது வேறு. ஆராய்வதற்குத் தாய்மொழியில் தெளிந்த சொற்கள் வேண்டும்.

பெரும்பதன் என்னும் பொற்கொல்லர் கையில் வைத்திருந்த கல் பொன்னைச் செய்யவில்லை. பொன்னையும் போலியையும் பிரித்துக் காட்டியது. மொழிக் கல்வி நம் மாணவருக்குத் தர வேண்டியது அத்தகைய கல். நாளை அவர்கள் வாங்கப்போகும் கணினிகளும், அவர்கள் கழிக்கப்போகும் கணினிகளும் மிகப் பல. ஒவ்வொன்றின் முன்னும் ஆறு வினாக்களைக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு அமைந்தால் இந்த உரை பயன் பெற்றதாகும்.